மாஸ்டருக்கு யார் மாஸ்டர்?

*ஊருக்கெல்லாம் பியானோ சொல்லிக் கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை தோறும் தனக்கே எடுத்துக்கொள்ளும் வகுப்பு!*

உங்கள் ஆபீஸில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். ஒரு காலத்தில் அவர் எழுதிய டிராஃப்டில் ஒரு கமாவை மாற்ற ஆள் கிடையாது. கணக்கு எழுதினால் பைசா சுத்தமாக டேலி ஆகும். நிர்வாகம் மகிழ்ந்துபோய் அவரை சூப்பர்வைசர் ஆக்கியது. அன்றோடு சரி! பதினைந்து வருஷமாக அடுத்தவர் டிராஃப்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஒருநாள் நாலு பேர் லீவு. அவரே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதவேண்டி வந்தது. முதல் வரியை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தார். நாலாவது முறை நைஸாக எழுந்து கான்டீன் பக்கம் நழுவிவிட்டார்.

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிற வேலையே அப்படித்தான். கண் கூர்மையாகிக்கொண்டே போகும். கை மழுங்கிக்கொண்டே வரும்.

இந்த வியாதி ஆபீஸுக்கு மட்டும் சொந்தமில்லை. சென்னை வேப்பேரிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பியானோ மாஸ்டருக்கும் வந்தது. அவர் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம்.

பழைய காலத்து வீடு. முன்னறையில் சுவரோரமாக ஒரு அப்ரைட் பியானோ. அதற்குள்ளே ஒரு குட்டி பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. “சாமிக்கா மாஸ்டர்?” என்றோம்.

“ஈரத்துக்கு” என்று சிரித்தார். “நம்ம ஊர் மழைக்காலத்துல மரம் ஊறிப்போய், அமுக்கின கட்டை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கடல் காத்துல கம்பி வேற துருப்பிடிக்கும். உள்ள கொஞ்சம் சூடு இருந்தா பொழச்சிக்கும். மொத்தம் 88 கட்டை, 200 கம்பிக்கு மேல. எல்லாக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவையைக் கூட்டினா பதினெட்டு, இருபது டன் வரும். அவ்வளவையும் தாங்கிட்டு எவ்வளவு அடக்கமா நிக்குது பாருங்க!”

வயது 61. முப்பத்துநாலு வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறார். “எல்லாம் சொல்றேன் தம்பி, பேர் மட்டும் போடாதீங்க. ‘மாஸ்டரே தப்பா வாசிப்பாராமே’ன்னு பேரன்ட்ஸ் ஃபீஸைக் குறைச்சுடுவாங்க!” என்றார். சரி, அவர் நமக்கு மாஸ்டர். அவ்வளவு போதும்.

நாலு பார் வித்வான்!

தினமும் மூன்றே முக்காலுக்கு முதல் மாணவன் வருவான். எட்டரைக்குக் கடைசி ஆள் போவான். ஆளுக்கு நாற்பது நிமிஷம் வீதம் ஏழு பேர். பெரும்பாலும் லண்டன் டிரினிட்டி காலேஜ் கிரேடு பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள். அம்மாக்கள் வாசல் பெஞ்சில் செல்போனோடு காத்திருப்பார்கள். உள்ளே பையன் ஐந்து நிமிஷம் வாசித்துவிட்டு, “மாஸ்டர், தண்ணி” என்பான். தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து நிமிஷம். பிறகு “மாஸ்டர், பாத்ரூம்.”

“நாங்கள்லாம் நாலு பார் வித்வான் தம்பி” என்றார் மாஸ்டர்.

நாம் விழித்ததைப் பார்த்துவிட்டு, “நீங்க நினைக்கிற பார் இல்ல! நம்ம கர்னாடக சங்கீதத்துல ஆவர்த்தனம்னு சொல்றோமே, அந்த மாதிரி தாளக்கட்டு. பையன் ஒரு இடத்துல தடுமாறுவான். ‘இப்படிடா கண்ணா’ன்னு நாலு பார் வாசிச்சுக் காட்டுவேன். அவ்வளவுதான். அடுத்த பையன், அடுத்த நாலு பார். வருஷக்கணக்கா இப்படியே போச்சு. ஒரு பீஸை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசிச்சு எத்தனை நாளாச்சுன்னே தெரியல. தெரியலைங்கறதும் தெரியல!”

2018-ல் ஒரு நாள் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன் இவரிடம் படித்துவிட்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒரு பையன், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தான். காபி குடித்துவிட்டு, “மாஸ்டர், அப்பல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஷூமான் வாசிப்பீங்களே, ஒரு தடவை வாசிங்களேன்” என்றான்.

அவன் கேட்டது ஷூமானின் ‘டிராய்மெராய்’. தமிழில் சொன்னால், கனவு காண்பது. 1838-ல் ஷூமான் எழுதிய ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ என்ற பதின்மூன்று குட்டிப் பீஸ்களில் ஏழாவது. மொத்தமே 24 பார்தான். நோட்டைப் பார்த்தால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று தோன்றும். பெரிய பெரிய வித்வான்கள் அதற்குப் பயப்படுவார்கள். வேகமில்லை, ஆர்ப்பாட்டமில்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு சுரமும் வெளிச்சத்தில் நிற்கும். ஹோரோவிட்ஸ் 1986-ல் ஆறு பத்து வருஷத்துக்குப் பிறகு தன் சொந்த நாட்டுக்குத் திரும்பி மாஸ்கோவில் கச்சேரி செய்தபோது இதை வாசித்தார். சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“உட்கார்ந்தேன். எட்டு பார் ஒழுங்கா போச்சு. ஒன்பதாவதுல இடது கை வலது கையைத் தேடுது, வலது கை இடதைத் தேடுது. சமாளிச்சேன். மறுபடியும் நின்னேன். ‘கட்டை ஒட்டுதுடா, மழை’ன்னு சொன்னேன். அன்னிக்கு நல்ல வெயில்!”

“பையன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டிருந்தான். நான் தப்பா வாசிச்சதைவிட அதுதான் தம்பி வலிச்சது.”

ஜூம் செய்த உபகாரம்

வெட்கப்பட்டவர் உடனே திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மனுஷன்தானே! பியானோ மூடியைச் சாத்தினார். மறுநாள் மூன்றே முக்காலுக்கு முதல் பையன் வந்தான். நாலு பார் வாழ்க்கை தொடர்ந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. வகுப்புகள் எல்லாம் ஜூமுக்கு மாறின. அங்கேதான் வந்தது வினை. இந்த மாதிரி மென்பொருள்கள் மனிதர் பேசுவதற்காகச் செய்யப்பட்டவை. ஃபேன் சத்தம், நாய் குரைப்பது எல்லாவற்றையும் இரைச்சல் என்று அமுக்கிவிடும். நீண்டு ஒலிக்கும் பியானோ சுரத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிடும்! மாஸ்டர் இங்கே வாசிப்பார். அங்கே பையனுக்கு ‘டொக்’ என்று ஆரம்பித்து அப்படியே காணாமல் போகும். அந்த அமுக்கும் வேலையை நிறுத்தி வைக்க உள்ளே ஒரு வசதி இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது.

“சரி, பீஸை போன்ல ரெக்கார்ட் பண்ணி வாட்ஸ்அப்புல அனுப்பிடலாம்னு நினைச்சேன். அப்பத்தான் உறைச்சுது. ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும்னா நாலு பார் அனுப்ப முடியாது. முழுசா அனுப்பணும்!”

பெரிய மாணவி ஒருத்திக்கு அதே ஷூமான். போனைப் பியானோ மேலே வைத்தார். சிவப்புப் பொட்டைத் தொட்டார். வாசித்தார். தப்பு. மறுபடியும். தப்பு. எதிரே ஒரு ஈ, காக்கை இல்லை. ஆனாலும் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்தது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடம் ‘என்னடா பயம்?’ என்று முப்பது வருஷமாக அதட்டியது ஞாபகம் வந்தது. எண்ணிப் பார்த்தால் அன்றைக்கு 27 தடவை!

இருபத்தேழாவது தேறியது. அப்பாடா என்று போட்டுக் கேட்டார்.

முணுமுணுத்தது யார்?

“பியானோ சத்தத்துக்கு நடுவுல யாரோ முணுமுணுக்கறாங்க. தெருவுல யாராவது பேசறாங்களோன்னு ஜன்னலைப் பார்த்தேன். வால்யூமை ஏத்தினேன். ‘ஒன்... டூ... த்ரீ... ஃபோர்...’ யார்னு பார்த்தா... நான்!”

முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தாளம் எண்ணிக் கொடுத்த வாய். தனியாக வாசிக்கும்போதும் நிற்கவில்லை. அவருக்கே தெரியாமல் எண்ணியிருக்கிறது! கனடாவின் கிளென் கூல்ட் வாசித்த ரெக்கார்டுகளில் அவர் கூடவே முனகுவது கேட்கும். உலகம் முழுக்க அதற்கு ரசிகர்கள் உண்டு. “அவர் கிளென் கூல்ட், முனகலாம். நான் வேப்பேரி!” என்கிறார் மாஸ்டர்.

அன்று ராத்திரி இன்னும் இரண்டு சமாசாரங்கள் காதில் விழுந்தன. சுலபமான இடத்தில் ஓடுகிறார், கஷ்டமான இடத்தில் நடக்கிறார். எந்தப் பையன் செய்தாலும் உடனே கையைத் தட்டிவிடும் அதே தப்பு. இரண்டாவது, இடது கை தடதடவென்று கேட்கிறது. மாணவர்களுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இடது கையாலேயே கூட வாசித்துக் கொடுத்துப் பழகிய பலன்.

“இதெல்லாம் வாசிக்கும்போது காதில் விழாதா மாஸ்டர்?”

“எப்படி விழும்? கை இந்த பார்ல இருக்கும்போது மனசு அடுத்த பார்ல இருக்கும். இருந்தாத்தான் வாசிக்க முடியும். அதனால நாம வாசிச்சது காதுல விழறதில்ல தம்பி. வாசிக்கணும்னு நினைச்சதுதான் விழும். உங்க குரலையே டேப்ல கேட்டா ‘சீச்சீ, இது நான் இல்ல’ன்னு தோணுமே, அந்த மாதிரி. ஆனா மத்தவங்க காதுல எப்பவும் அந்தக் குரல்தான் விழுது.”

தூங்கவில்லையாம் அன்றைக்கு. ஆனால் மறுநாள் காலையில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்த ரெக்கார்டை மறுபடி போட்டார். கையில் பென்சில் எடுத்தார். நோட்டு மேல் குறி வைத்துக்கொண்டே வந்தார், வேறு யாரோ ஒரு பையன் வாசித்ததைத் திருத்துகிற மாதிரி. ஒன்பதாவது பாரில் வட்டம். பதினாலாவதில் ‘அவசரம்’ என்று ஒரு சொல். கடைசிக்கு முந்தின வரியில், 22-வது பாரில், மேலே ஒரு சுரத்தில் நிற்கச் சொல்லி ஷூமான் குறி போட்டிருக்கிறார். அங்கே ‘நிற்கவே இல்லை!’

“தப்பு கண்டுபிடிக்கிறதுதான் நமக்குக் கைவந்த கலையாச்சே! முப்பது வருஷமா அந்தக் கலையாலதான் என் கை கெட்டுது. அதையே என் மேல திருப்பி விட்டுட்டேன்.”

இதுதான் மாஸ்டரின் மருந்து. சொல்லிக் கொடுக்கும் காதை அவர் தூக்கியெறியவில்லை. அதற்கு ஒரு புது மாணவனைச் சேர்த்துக் கொடுத்தார்.

செர்னியின் பேரன்

வாத்தியார்களின் கதை எப்போதும் இப்படித்தான். நமக்குச் சிஷ்யனைத் தெரியும், குருவைத் தெரியாது. இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் இருவருமே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர்கள். அந்த இருவரின் பாட்டு இல்லாமல் நமக்கு ஒரு நாள் விடிவதில்லை. ஆனால் தன்ராஜ் மாஸ்டர் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்ததை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

வியன்னாவில் கார்ல் செர்னி என்று ஒருவர். பீத்தோவனின் மாணவர், லிஸ்ட்டின் குரு. உலகத்தில் பியானோ கற்கும் குழந்தைகள் எல்லாம் இன்றைக்கும் ‘செர்னி எக்ஸர்ஸைஸ்’ வாசித்து விரல் நோகிறார்கள். மேடையில் அவருக்கு நாட்டமில்லை. உச்சத்தில் இருந்தபோது நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்தார். 1857-ல் போய்ச் சேர்ந்தார். எடிசன் போனோகிராஃப் கண்டுபிடித்தது 1877-ல். இருபது வருஷ வித்தியாசம்! செர்னி எப்படி வாசித்தார் என்பது காற்றோடு போயிற்று.

செர்னியிடம் படித்தவர் லெஷெடிட்ஸ்கி. அவரும் ஊரறிந்த வாத்தியார். பின்னாளில் போலந்தின் பிரதமரான பேடரெவ்ஸ்கி இவரிடம் படித்தவர்தான். 1906-ல், 75 வயதில், வெல்டே என்ற ஜெர்மன் கம்பெனியின் பதிவுப் பியானோ முன் இவர் உட்கார்ந்தார். நாம் அமுக்கும் கட்டைகளை ஒரு காகிதச் சுருளில் ஓட்டைகளாகப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு அது. சுருளை மறுபடி மாட்டினால் பியானோ தானாகவே வாசிக்கும். அந்தச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன.

லெஷெடிட்ஸ்கியின் மாணவர் ஆர்ட்டர் ஷ்னாபெல். இவரும் வாத்தியார். பெர்லினில் இசைக் கழகப் பேராசிரியர். ரெக்கார்டிங் என்றாலே ஆகாது. ‘சபை இல்லாமல் என்ன வாசிப்பு?’ என்று வருஷக்கணக்காக மறுத்து வந்தவர். ஒரு வழியாக மசிந்து, 1932-ல், ஐம்பதை நெருங்கும் வயதில், லண்டன் ஆபீ ரோடு ஸ்டூடியோவுக்குப் போனார். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் 1935-க்குள் பதிந்து முடித்தார். மொத்தத்தையும் ரெக்கார்டில் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். இதற்கு நடுவே 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வர, யூதரான ஷ்னாபெல் வேலையையும் ஊரையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் சுமார் நாலு நிமிஷம். வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் கிடையாது. மூன்றே முக்கால் நிமிஷத்தில் சறுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சறுக்கலோடு விட்டுவிட வேண்டும். ஷ்னாபெலின் தட்டுகளில் சறுக்கல்கள் தாராளமாக உண்டு. ‘ஹாமர்கிளேவியர்’ சொனாட்டாவில் சுரங்கள் சிதறி ஓடுவது யார் காதுக்கும் கேட்கும். தொண்ணூறு வருஷமாகியும் அந்தப் பதிவுகள் விற்பனையில் இருக்கின்றன. சறுக்கல்களோடுதான்!

“இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துது” என்றார் நம்ம மாஸ்டர்.

அட்டெண்டன்ஸில் கடைசிப் பெயர்

மேஜை மேல் நீல அட்டை போட்ட வருகைப் பதிவேடு. ஒவ்வொரு மாணவன் பெயருக்கும் எதிரே கட்டம் கட்டமாக டிக். புரட்டிப் பார்த்தோம். கடைசி வரியில் மாஸ்டரின் சொந்தப் பெயர்!

“என்ன மாஸ்டர் இது?”

“என்கிட்ட படிக்கிற பசங்கள்ல இவன்தான் ரொம்ப மக்கு. வயசும் அதிகம்” என்றார் சீரியஸாக.

இந்த மக்குப் பையனுக்கு வகுப்பு ஞாயிறு காலை ஐந்தரைக்கு. மாதம் ஒரு பீஸ். மூன்று டேக்தான் அனுமதி, நாலாவது கிடையாது. “இருபத்தேழு தடவை வாசிச்சா அதுல ஒண்ணு தானா நல்லா வரும் தம்பி. அது அதிர்ஷ்டம். மூணுதான்னு தெரிஞ்சா சனிக்கிழமையே பயம் வந்துடும். அந்த பயத்துல வெள்ளிக்கிழமை ராத்திரியே பயிற்சி பண்ணுவேன்.”

பதிந்ததை அன்றே கேட்பதில்லை. புதன்கிழமைதான். அன்றே கேட்டால் ஒன்று, ‘அடடா’ என்று தோன்றும். இல்லை, ‘ஐயோ’ என்று தோன்றும். இரண்டும் உதவாது. மூன்று நாள் ஆறினால் அது வேறு ஆள் வாசித்ததாகிவிடும்.

ரெக்கார்டு எதையும் அழிப்பதில்லை. அதிலும் ஒரு சோகம் உண்டு. போன வருஷம் ஒரு மொசார்ட் பீஸை மூன்று டேக்கும் அற்புதமாக வாசித்தார். இரண்டாவது டேக்கில், மிக மென்மையான இடத்தில், பின்னாலிருந்து குக்கர் விசில்! மூன்றாவது டேக்கில், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு...” என்று தெருவில் ஸ்பீக்கர்.

“அன்னிக்கு வீட்டுல யாரோடயும் பேசல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். விசில் தப்பான சுரத்துல வந்திருக்கு, நான் சரியான சுரத்துல வாசிச்சிருக்கேன். இதுவே பெரிய விஷயம்தானே?”

நீங்களும் செய்து பார்க்கலாம்!

*பியானோதான் என்றில்லை. கீபோர்டு, கிடார், வீணை, புல்லாங்குழல், பாட்டு எதுவானாலும் பொருந்தும். மாஸ்டர் தரும் யோசனைகள்:*

* போனை வாத்தியத்தின் மேல் வைக்காதீர்கள். அதிர்வு ஏறி கடகடக்கும். ஆறேழு அடி தள்ளி, காது உயரத்தில், துணி விரித்த ஸ்டூலில் வைக்கவும்.

* ஏரோப்ளேன் மோடில் போடவும். ஒரு லோன் கம்பெனி அழைப்பு போதும், ஒரு மாத உழைப்பு போய்விடும்!

* போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. மெதுவாக வாசித்தால் தூக்கிக் கொடுக்கும், பலமாக வாசித்தால் அமுக்கிவிடும். ‘எல்லாம் ஒரே மட்டமாக இருக்கிறதே’ என்று அழ வேண்டாம். தப்பு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். ஒலி அளவை நாமே கையால் திருகி வைக்கும் சின்ன ரெக்கார்டர் இருந்தால் உத்தமம்.

* நடுவில் தப்பு வந்தாலும் நிறுத்தாதீர்கள். கடைசி வரை போய்ச் சேருவதும் ஒரு பாடம்.

* கேட்கும்போது ‘நல்லா இல்லை’ என்று எழுதக் கூடாது. எந்த இடம், என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதவும்.

* ஒரு வாரத்துக்கு ஒரு தப்பை மட்டும் திருத்தவும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்துகிறவன் திங்கட்கிழமையே விட்டுவிடுவான்.

டேப் செய்யாத ஒருவர்

கிளம்பும் நேரத்தில் கேட்டோம். “இவ்வளவும் எதுக்கு மாஸ்டர்? கச்சேரி பண்ணப் போறீங்களா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பியானோ மேலிருந்து நைந்துபோன ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள். பல இடங்களில் ஒரே ஒரு சொல்: ‘கேள்.’

“என் மாஸ்டர் எழுதினது. சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாரு. அவர் வாசிச்சா வாசல்ல செருப்பு பார்த்துக்கிற கிழவி கூட உள்ள வந்து நிக்கும். 1980-கள்ல எங்க வீட்டுல ஒரு டூ-இன்-ஒன் இருந்துது. இலங்கை வானொலில வர்ற பாட்டெல்லாம் கேசட்டுல பிடிப்பேன். ஒரு மரப்பெட்டி நிறைய கேசட். ஆனா ஒரு தடவை... ஒரே ஒரு தடவை கூட அந்தப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் அவர் பக்கத்துல வைக்கணும்னு தோணல தம்பி. அவர் எப்பவும் இருப்பார்னு நினைச்சேன். இப்ப அவர் எப்படி வாசிச்சாருன்னு என் பசங்க கேட்டா, காட்டறதுக்கு என்கிட்ட இந்தப் பென்சில்தான் இருக்கு.”

வலது கையை விரித்துக் காட்டினார். சுண்டு விரல் கணு வீங்கியிருந்தது. டாக்டர் தேய்மானம் என்கிறாராம். 2020-ல் எட்டிய அகலம் இப்போது எட்டவில்லை. ஷூமானில் வரும் அகலமான கூட்டுச் சுரங்களை முன்பெல்லாம் ஒரே அடியில் பிடிப்பார். இப்போது கீழிருந்து மேலாக உருட்டித்தான் வாசிக்க முடிகிறது.

“ரெக்கார்டு எல்லாத்தையும் சொல்லிடுது. எங்க ஏறினேன்னும் சொல்லுது, எங்க இறங்கறேன்னும் சொல்லுது. ஆரம்பத்துல அதுக்கும் பயந்தேன். இப்ப இல்ல. இறங்கறதையும் நானே கேட்டுக்கறேன். இன்னும் எத்தனை வருஷம்னு தெரியாது. இருக்கிற வரைக்கும் மாசம் ஒண்ணு.”

இரண்டு ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டினார். முதலில் 2020-ல் பதிந்தது. பிறகு போன மாதம் பதிந்தது. இரண்டும் அதே ஷூமான். நமக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்த வரையில் சொல்கிறோம். முதலாவதில் ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். நடுவில் மூச்சு வாங்க நின்று, மறுபடி ஓடுகிறார். இரண்டாவதில் அதே மனிதர் நடந்து வருகிறார். பஸ் போனால் போகட்டும், அடுத்தது வரும் என்கிற நடை. அந்த 22-வது பாரில், மேலே ஒரு சுரத்தைத் தொட்டு, நின்றார். நாமும் நின்றோம். உள்ளே குட்டி பல்பு எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை குக்கர் கூட விசில் அடிக்கவில்லை.

மணி மூன்றே முக்கால். வாசலில் சைக்கிள் சத்தம். ஒன்பது வயசுப் பையன் ஒருவன் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே மேஜைக்குப் போனான். பதிவேட்டைத் திறந்தான். தன் பெயரைப் பார்க்கவில்லை. விரலை நேராகக் கடைசி வரிக்குக் கொண்டுபோனான்.

“மாஸ்டர்! போன வாரம் நீங்க ஆப்சென்ட்!”

“ஜுரம்டா.”

“லீவு லெட்டர் எங்க?”

மாஸ்டர் நம்மைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார்.

“புதன்கிழமை கொண்டுவர்றேன் ஸார்” என்றார்.